அப்பா தனியாகப் போகும் மலைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே குளிர் கூடிவிட்டது என்றாயே, பயலுக்குக் காதை நன்றாக மூடி அனுப்பு. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்று எழுதினால்தான் உண்மையாக இருக்கும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதம் வாங்கிக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் கேட்கிற வீட்டில் எங்கே போய் ரகசியம் பேசுவது. இப்போது அவர் கீழே லிப்டைப் பார்க்கப் போயிருக்கிறார். லிப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு வாங்கினாலும் நம் கட்டிடத்து லிப்ட் ஒரு முனகல் முனகினால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் மேலே வருவதற்குள் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தநாளுக்கு அந்தத் தூரத்து மலைக்கோயிலுக்கு ரயில் சீட்டு எடுத்து அனுப்புவதாகச் சொன்னாயே, அதை எடுக்காதே.

உடனே மூக்கு விடைக்கும் உனக்கு, தெரியும். அப்பா வாழ்க்கை முழுக்க மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டார், இப்போது அவரே ஏறட்டும், நீ காலைப் பிடித்து இழுக்காதே அம்மா என்று போன தடவை சொன்னாய். சொன்ன விதம் அழகாகத்தான் இருந்தது, கேட்டவளுக்குத்தான் சுருக்கென்றது. அவர் மலை ஏறுவதில் எனக்கு என்ன பொறாமை. இந்தக் கட்டிடத்தில் எல்லோரும் அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், சாமி இருக்கிற கோயில் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். கூரை போய், சிலை போய், சுவரில் மரம் முளைத்துக் கிடக்கிற பழங்கோயிலாக இருக்க வேண்டும், அதுவும் மலை உச்சியில் இருக்க வேண்டும். கிரேன் இல்லாத காலத்தில் இத்தனை பெரிய கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்ற ஒரே கேள்விதான் அவருக்கு. போய்விட்டு வந்ததும் என் தையல் மேஜையில் ஊசி டப்பாவையும் நூல்கண்டையும் பரப்பி, இது கல், இது மண் சரிவு, இது கயிறு என்று பாடம் நடத்துவார், நான் யாரோ ஒருவரின் கால்சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டே உம் கொட்டுவேன். உம் கொட்டுவதை நிறுத்தினால் கோபம் வேறு வரும். ஒருமுறை நானும் கூட வருகிறேன் என்றதற்கு, பாதி வழியிலேயே உட்கார்ந்து எப்போது திரும்பலாம் என்று நச்சரிப்பாய் என்றார். அது பொய் இல்லை, என் முழங்கால் அப்படி. அதனால் தனியாகவே போனார், தனியாகவே வந்தார், நீ வாங்கிக் கொடுத்த பூட்ஸையும் முதுகுப் பையையும் பார்க்கிறவர்களிடமெல்லாம் மகள் வாங்கிக் கொடுத்தது என்று காட்டினார். நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

போன மாதம் மலைமேல் அவருக்கு வெயில் பட்டு மயக்கம் வந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது மயக்கம் இல்லை பாப்பா. அன்று மதியம் அவர் போனிலிருந்து வேறு ஒரு குரல் பேசியது, அந்த மலைக்கோயிலின் காவலாளி. உங்கள் வீட்டுக்காரர் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்று வாசலை மறித்து நிற்கிறார், நல்ல மனிதராகத் தெரிகிறார், போலீஸைக் கூப்பிட மனம் வரவில்லை, நீங்களே வந்துவிடுங்கள் என்றார். கீழ்வீட்டு டாக்ஸிக்காரர்தான், வாயே திறக்காத மனிதருக்கு ஹாரன் மாமா என்று நீ பெயர் வைத்தாயே அவர்தான், சவாரியை விட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனார். நல்லவேளை, அந்த மலையில் பாதிக்கு மேல் கார் போகும். மேலே போய்ப் பார்த்தால் உன் அப்பா கருவறை வாசலில் நிற்கிறார். உள்ளே சிலை இல்லை, ஒன்றும் இல்லை, சதுரமாக இருட்டுதான். இரண்டு பக்கத்துக் கல் நிலைக்கும் குறுக்கே தன் கழுத்துத் துண்டைக் கட்டிவிட்டு, பையை முன்னால் வைத்து, ஒரு கையை நீட்டி மறித்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "பெட்டி மேல நிக்குதுங்க. உள்ள வெறும் குழி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

உனக்குப் புரிந்திருக்கும். லிப்டின் கதவு திறந்திருந்து பெட்டி வேறு மாடியில் நின்றுவிட்டால், மாற்று ஆள் வரும்வரை அந்த வாசலை விட்டு அசையக் கூடாது, அசைந்தால் யாராவது தெரியாமல் காலை வைத்துவிடுவார்கள். அவர்கள் தொழிலில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சுற்றிப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரை அங்கே வேலை பார்க்கிற அதிகாரி என்று நினைத்து மரியாதையாக வரிசையில் நின்றிருக்கிறார்கள், கொஞ்சம் பேர் வீடியோ எடுத்திருக்கிறார்கள். காலையில் போய் நின்றவர், பையில் தண்ணீர் இருந்தும் குனிந்து எடுக்கவில்லை, உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது, வேலை நடக்கிற இடத்துக்கு நீ ஏன் வந்தாய் என்றார். வீட்டுக்கு வாங்க என்று கெஞ்சினேன், இது கோயிலுங்க, லிப்ட் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்போது ஹாரன் மாமா முன்னால் வந்து, நான்தான் மாற்று ஆள், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. உன் அப்பா விட்டாரா, அவரை மேலும் கீழும் பார்த்து, இங்கே நின்றால் முதல் வேலை என்ன என்று கேட்டார். பாவம் அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார். கதவை விட்டு நகரக் கூடாது என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். ஆறிப்போன சாப்பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருந்தவள், எனக்குத் தெரியாதா. அதற்குப் பிறகுதான் துண்டை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் காரில் போய் உட்கார்ந்தோம், ஹாரன் மாமா கொஞ்ச நேரம் அந்த வெறும் வாசலைக் காவல் காத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். மலை இறங்குவதற்குள் உன் அப்பாவுக்குத் தெளிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?" என்று கேட்டார். இல்லை, வெயில் ஜாஸ்தி என்றேன். உன்னிடமும் அதையே சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

டாக்டரிடம் போனோம். தலையைப் படம் எடுத்தார்கள், என்னென்னவோ கேள்வி கேட்டார்கள், மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது என்றார் அந்தப் பெண் டாக்டர். மெதுவாகவும் போகலாம், வேகமாகவும் போகலாம், மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், தனியாக எங்கேயும் அனுப்பாதீர்கள் என்றார். உன் அப்பா வேறு யாரோ ஒருவர் வீட்டு மெஷின் பழுதைக் கேட்பது போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முதுகுப் பையை எடுத்துத் தூசி தட்டுகிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். சண்டை போட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன். சரி, போகிறதாக இருந்தால் இதுவாவது இருக்கட்டும் என்று என் போன் நம்பரைத் துணியில் எழுதி அவர் கோட்டின் உள்பக்கம் தைத்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார். "நான் என்ன சலவைக்குப் போற துணியா?" என்று கேட்டுவிட்டு, என் கத்தரிக்கோலையே எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். அப்புறம் நான் பூட்ஸை எடுத்து ஒளித்து வைத்தேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், திட்டவில்லை. நான் ஒளித்தேன் என்றே அவருக்குத் தோன்றவில்லை, தானே எங்கேயோ வைத்து மறந்துவிட்டோம் என்று பயந்துவிட்டார். ஒரே அலமாரியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதும், மறுபடி வந்து அதையே திறப்பதுமாக இருந்தார், நான் பார்த்தால் வேறு ஏதோ தேடுவது போல நடித்தார். என்னால் முடியவில்லை பாப்பா. கட்டிலுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் மறுபடி கிளம்பினார், இந்த முறை பஸ்ஸில் போகிற மலை. வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, ஜிப் மாற்ற வந்திருந்த யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு, சால்வையால் தலையை மூடி, திருடி மாதிரி நானும் அதே பஸ்ஸில் பின்கதவு வழியாக ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். சிரிக்காதே. அவர் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து யாரோ சில பையன்களிடம் கதை பேசிக்கொண்டே வந்தார். மலையில் அவர் ஏறினார், நான் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன், என் முழங்காலும் நானும் அன்று பேசிக்கொண்ட வார்த்தைகளை எழுத முடியாது. மேலே போய்ப் பார்த்தேன். உடைந்த மதில், ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற மண்டபம், தூண்களுக்கு நடுவில் நல்ல காற்று. அவர் ஒரு குடும்பத்தை நிறுத்தி வைத்து, இந்தக் கல்லை இப்படிச் சாய்த்து இப்படித்தான் உருட்டியிருப்பார்கள் என்று கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அந்த வீட்டுக் குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்டன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. என் தையல் மேஜையில் நூல்கண்டை வைத்துச் சொன்னபோது பாதிதான் கேட்டேனே என்றும் இருந்தது. இந்த மனிதரைப் போய் வீட்டில் பூட்டி வைக்கப் பார்த்தோமே, டாக்டர்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார் என்றுகூட நினைத்தேன். சால்வையைத் தோளில் இறக்கிவிட்டு, பார்த்தால் பார்க்கட்டும், திட்டினால் திட்டட்டும் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

அவரும் அங்கே வந்தார். நேராக என் முகத்தைப் பார்த்தார். மரியாதைக்கு ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "தனியா வந்தீங்களா?" என்று கேட்டார். வெளியாட்களிடம் பேசும்போது அவருக்கு வருமே ஒரு மெல்லிய குரல், அந்தக் குரல். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. தூரத்தில் தெரிகிற வயலையெல்லாம் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலிங்க. இல்லேன்னா அவளையும் கூட்டிட்டு வந்திருப்பேன்." கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் அவர் சொல்லாத வார்த்தை, அதை ஒரு வழிப்போக்கியிடம் சொன்னார். அவள் கொடுத்து வைத்தவள் என்று சொல்லி நான் தண்ணீரைக் குடித்தேன். இறங்கும்போது எனக்குக் கை கொடுத்துத்தான் இறக்கினார், பார்த்துங்க, பார்த்துங்க என்று சொல்லிக்கொண்டே. பஸ் கிளம்பி வெகுதூரம் வந்த பிறகு திரும்பிப் பார்த்து, அட, நீ எங்கே ஏறினாய் என்று கேட்டார். வழியில் ஏறினேன் என்றேன். சிரித்தார். பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார், போய் உட்கார்ந்துகொண்டேன்.

இதுதான் நடந்தது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதைப் படித்துவிட்டு உடனே போன் போட்டு அழாதே, அவர் பக்கத்தில் இருப்பார். அந்தத் தூரத்து மலைக்கு ஒரு சீட்டு வேண்டாம், எடுப்பதானால் இரண்டாக எடு, ஆனால் ஒரே இடத்தில் வேண்டாம். அவருடையது முன்னால் இருக்கட்டும், என்னுடையது பின்னால். தனியாகப் போகிறோம் என்ற அவர் நினைப்பை நான் கெடுக்கப் போவதில்லை, என் முழங்கால் தாங்குகிறவரை பின்னால் போய்க்கொண்டே இருப்பேன். உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, உன் வேலை, மாப்பிள்ளை வேலை, பயலின் பள்ளிக்கூடம் எல்லாம் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், லீவு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே, வந்துவிட்டுப் போ. நன்றாக இருக்கிற நாள் இன்னும் நிறைய வருகிறது அவருக்கு, அதில் சிலது உனக்கும் வேண்டும் என்று பார்க்கிறேன். லிப்ட் மேலே வருகிற சத்தம் கேட்கிறது, முடித்துவிடுகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல் நீண்ட காலம் ஒன்றாக வாழ வேண்டும், அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உங்களுக்கு உண்டு. மறக்காமல் ஒன்று செய். போனில் அவர் குரல் கேட்டதும், நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம் என்று சின்ன வயதிலிருந்து ஒரு விளையாட்டு விளையாடுவாய் அல்லவா, இனிமேல் அது வேண்டாம் கண்ணு. எடுத்ததும், அப்பா, நான் உங்க மக பேசுறேன் என்று நீயே முந்திச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா