பொம்மை என்று எழுதிய பெட்டி

ஜூலை 8, செவ்வாய்

மன்னிக்கணும் நோட்டே, இன்னைக்கும் நேரங்கெட்ட நேரம். பிள்ளை இப்பத்தான் கண்ணடைச்சா. வெளியில மழை. கரண்டு போயும் வந்தும்.

என் மக அனு சொல்ற வார்த்தைகளை எழுதி வைக்க ஸ்பீச் தெரபி டீச்சர் தந்த நோட்டு இது. முன்பக்கம் அவளுக்கு. பின்பக்கம் எனக்கு.

போஸ்ட்மேன் ஒரு கடிதம் கொண்டுவந்தார். அக்கா இங்கிலாந்துல இருந்து அனுப்பின பெட்டி கொச்சியில கஸ்டம்ஸ்ல நிக்குது. பெட்டி மேல எழுதியிருக்கிறது 'பொம்மை, கிஃப்ட், பத்து பவுண்டு'. எக்ஸ்ரேயில தெரிஞ்சது வேற. இப்ப வேணுமாம்:
— உள்ளே என்னென்ன, ஒவ்வொண்ணுக்கும் விலை
— வாங்கின பில்
— பணம் கட்டினதுக்கு பேங்க் தாள்
— என் ஆதார்
மாசக்கடைசிக்குள்ள.

உள்ளே இருக்கிறது அனு காதுல வைக்கிற மெஷின். பழையது மழையில நனைஞ்சு செத்துப்போச்சு. இங்க புதுசு வாங்க எங்களால ஆகாது. பஞ்சாயத்துல எழுதிக்கொடுத்தது எப்ப வருமோ. அவளுக்கு மூணு வயசு ஆகுது. டீச்சர் அன்னைக்கே சொன்னாங்க, "இந்த வயசுல கேக்காம போற ஒவ்வொரு வாரமும் பெரிய நஷ்டமாக்கும்."

'பொம்மை'ன்னு எழுதச் சொன்னது என் வீட்டுக்காரர். அக்கா ஃபோன்ல கேட்டா, மேல என்ன எழுதன்னு. இவர் சோத்துக்கையோட எட்டிச் சொன்னார்: "டாய்னு போடுங்க மைனி. கிஃப்டுன்னும் போடுங்க. பின்ன வரி கெடையாது." கல்ஃப்ல ரெண்டு வருஷம் இருந்தவர். அப்ப இவர் அனுப்பின பெட்டி எல்லாத்துக்கும் மேல 'பழைய துணி'. உள்ள டார்ச்சு, சென்ட்டு, பால்பொடி. எல்லாம் வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் எந்த வீட்டுக்கு வந்த பெட்டியும் அப்படித்தான். யாரும் தப்புன்னு நினைச்சதே இல்லை.

ஜூலை 9, புதன்

தூறல். துணி ஒண்ணும் காயல. மாவு புளிச்சுப்போச்சு.

மாமிக்கு, இவர் அம்மாவுக்கு, விஷயம் தெரிஞ்சுபோச்சு.

"எனக்க முட்டுவலி மாத்திரையும் அதிலயா இருக்கு?"

ஆமா. பெட்டியில மூலை காலியா போகக்கூடாதுன்னு அக்கா எல்லாருக்கும் ஒண்ணொண்ணு திணிச்சிருக்கா. மாமிக்கு மாத்திரை, இவருக்கு சென்ட், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு சாக்லேட். இப்ப அதுக்கெல்லாம் விலை சொல்லணும். மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேற கேப்பாங்களோ என்னவோ.

மாமி: "வலி எனக்காக்கும். அதுக்கு கவர்மெண்டுக்கு எதுக்கு பில்லு?"

சிரிச்சிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம்.

அக்காவுக்கு மூணு மெசேஜ். பாத்திருக்கா. பதில் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

அக்கா கூப்பிட்டா. ஆஸ்பத்திரியில டிரெஸ் மாத்துற ரூமுக்குள்ள இருந்து, குசுகுசுன்னு.

"பில்லு அனுப்ப முடியாது மக்கா."

"ஏங்கா?"

"அத்தானுக்குத் தெரியாது. கோர்ஸ் ஃபீஸுன்னு சொல்லியாக்கும் பைசா எடுத்தேன்."

பேங்க் கணக்கு அக்கா, அத்தான் ரெண்டு பேர் பேரிலயும். பேங்க் ஆப் அத்தான் ஃபோன்ல. பில்லோட சேத்து வைக்கிற பேங்க் தாளை எடுக்கணும்னா அவர்தான் எடுக்கணும். போன கிறிஸ்மஸுக்கு அம்மா ஆபரேஷனுக்கு அனுப்பினதுலயே பெரிய சண்டை. வீட்டு லோன் கழுத்தை நெரிக்குது, இனி கேக்காம ஊருக்கு ஒண்ணும் போகக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காராம். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன்.

"பொம்மைன்னே சொல்லிரு பிள்ளே. பொம்மைக்கு உள்ள வரியைப் போடட்டும்."

"எக்ஸ்ரேயில பாத்தாச்சுக்கா."

"பின்ன நான் என்ன செய்ய? நீயே சொல்லு."

யாரோ கதவைத் தட்டினாங்க. வச்சிட்டா.

கோபம் வரணும். வரல. நைட் டியூட்டி பாத்து பாத்து வாங்கினவ. அவ குடும்பமா, என் பிள்ளை காதா. இப்படி எழுதிப் பாக்கவே வெக்கமா இருக்கு.

நோட்டு முன்பக்கம் இன்னைக்கு காலி. போன வாரம் 'பா' உண்டு, பாலுக்கு. இப்ப அதும் இல்லை. கையைப் பிடிச்சு அடுக்களைக்கு இழுக்கிறா, அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

சபைக்குப் போனோம். பாட்டு நேரம் அனு ஸ்பீக்கர் பெட்டியில கன்னத்தை ஒட்டி வச்சுக்கிட்டு நின்னா. எல்லாரும் பாத்தாங்க.

வெளியில வந்ததும் இவருக்க கல்ஃப் கூட்டாளி, ஸ்டீபன் அண்ணன்: "எதுக்குப்பா மலை மாதிரி நெனைக்கிற? நெய்யாற்றின்கரையில ஒரு பயல் உண்டு. எந்த நாட்டு பில்லும் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தருவான்."

இவர் என்னைப் பாத்தார்.

"பிடிச்சா யாருண்ணே ஜெயிலுக்குப் போவா?" நான் கேட்டேன்.

"நீயாக்கும். ஆதாரு உனக்கதுதானே!" சொல்லிட்டு அவரே சிரிச்சார். இவரும் சிரிச்சார்.

வேண்டாம்னு சொல்லிட்டேன். வீட்டுல பைக்கை விட்டு இறங்கும்போது இவர்: "நான் சொல்லித்தானே அவங்க பொம்மைன்னு எழுதினாங்க." நான் அனுவைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிட்டேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 14, திங்கள்

நெய்யாற்றின்கரை போஸ்ட் ஆபீஸ். போற பஸ்ல அனு மடியில. பஸ்காரன் காதடைக்க ஹாரன் அடிக்கிறான், இவ ஜன்னல் கம்பியை நக்கிட்டு இருக்கா.

கவுண்டர்ல இருந்த மலையாளி சேச்சி கடிதத்தை ரெண்டு தடவை வாசிச்சாங்க. "கிஃப்டினு டேக்ஸ் இல்லன்னு ஆரா பறஞ்ஞது? அதொக்கெ பண்டு, மோளே." கிஃப்டுக்கு வரி இல்லேங்கிறதெல்லாம் பழைய காலமாம். மெஷின் விஷயம் சொன்னேன். அனுவைப் பாத்தாங்க. "உள்ளது போல எழுதியிருந்தா இத்தற கஷ்டம் வராதே." இனியும் உண்மையான பில்லும் டாக்டர் லெட்டரும் வச்சா பாப்பாங்களாம். அபராதம் வரலாம், ஆனா கிடைக்கும்.

"பில் வரலேன்னா?"

"திரிச்சு போகும். அயச்ச அட்ரஸில்."

அனுப்பின விலாசத்துக்கே திரும்பிப் போகுமாம். அதை நான் யோசிக்கவே இல்லை. தூக்கிப் போடுவாங்கன்னுதான் நினைச்சேன். உள்ள என்ன இருந்தது, ஏன் திரும்புதுன்னு தாள் ஒட்டி அக்கா வீட்டுக்கே போகும். பகல்ல அக்கா தூங்குவா இல்லேன்னா டியூட்டியில இருப்பா. கதவைத் திறக்கிறது அத்தான்.

வாய் திறக்காம இருந்தா தப்பிக்கலாம்னு அக்கா நினைச்சிட்டிருக்கா.

ராத்திரி இவர்கிட்ட சொன்னேன். "அவங்க குடும்ப விஷயத்துல நாம கேற வேண்டாம்"னு சொன்னார். விளக்கை அணைச்சப்புறம் அவரே, "ஆனா சொல்லாம இருக்கவும் முடியாது."

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

நாலு தடவை எழுதி அழிச்சு, கடைசியில அனுப்பினது இது:

அக்கா, பில்லு வரலேன்னா பெட்டி உன் வீட்டுக்கே திரும்பி வரும். உள்ளே என்னன்னு எழுதி ஒட்டித்தான் வரும். அத்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவார். அதனால பெட்டி வந்து சேரும் முன்னாடி நீயே அவர்கிட்ட சொல்லிரு. உன்னால முடியலேன்னா ஃபோனை அவர்கிட்ட குடு, நான் சொல்றேன், திட்டு முழுசும் நான் வாங்குறேன். பணத்தை நாங்க கொஞ்சங்கொஞ்சமா திருப்பித் தருவோம்னு இவரும் சொல்லுறார். பில்லும் பேங்க் தாளும் இந்த மாசத்துக்குள்ள கொச்சிக்குப் போகணும். சரின்னோ முடியாதுன்னோ ஏதாவது ஒண்ணு. சீக்கிரம் பதில் போடு அக்கா.