சுக்கானுக்கும் சேர்த்து ஒரு வீடு

கரையில் கால் வைத்ததும் முதலில் என்னைக் கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

நாங்கள் பார்க்கப் போன அந்த வீட்டின் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டி இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். அம்மா, 'வீடு வாடகைக்கு' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டியில் விளிம்புவரை தண்ணீர், அதில் மிதந்த ஒரு வேப்பிலை. சுற்றிலும் ஈர மண்ணில் நாய்களின் கால்தடங்கள்.

"கொஞ்சம் நிமிந்து பாரு பாப்பா, எதிர்ல நிக்கிறது ஆளா மரமான்னாவது தெரியட்டும்" என்று கேலி செய்வீர்களே. அன்றைக்கு நான் நிமிராமல் நின்றதும் நல்லதற்குத்தான் அப்பா. எப்படி என்று சொல்கிறேன்.

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தபோதே நீங்கள் சாய்ந்துவிட்ட அந்த மத்தியானத்துக்குப் பிறகு, நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். படகை நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில் சுக்கான் போய்ப் படுத்துக்கொண்டான். படகைத் திருப்புகிற சுக்கானுக்கு அடியில் நாய்க்குட்டியாகக் கிடந்தவனுக்கு நீங்கள் வைத்த பெயர் அது. படகே போன பிறகும் வெறும் மணலில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான்.

அம்மாவுக்குத் தஞ்சாவூரில் ஒரு மீன் கடையில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. எனக்கு ஒரு ஜவுளிக்கடையில், வருகிறவர்கள் கலைத்துப் போடுவதை மடித்து அடுக்கும் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. நாயைத் தரங்கம்பாடியிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார் சித்தப்பா. மறுநாள் காலையில் அம்மா, ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியில் எனக்கு முன்னால் அவனைத் தூக்கி ஏற்றினாள்.

நீங்கள் பார்த்த தஞ்சாவூர் இல்லை அப்பா இது. புதுப் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போனால், வயல் இருந்த இடமெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் நட்டிருக்கிறது. எங்கே பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள். ஆனால் எங்கள் சம்பளத்துக்கு ஒரு வீடு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாடகை கட்டுபடியானால் நாய் கூடாது என்றார்கள். நாய் இருந்தால் பரவாயில்லை என்ற ஒரே ஒரு வீட்டுக்காரர் சொன்ன வாடகைக்கு, நாங்கள் இரண்டு பேரும் வாங்குகிற சம்பளமே போதாது.

ஓர் அம்மா சுக்கானின் போட்டோவைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "புசுபுசுன்னு வெள்ளையா இருக்குமே, அந்த மாதிரின்னா யோசிக்கலாம். இது தெருவுல படுத்துருக்கறது மாதிரில்ல இருக்கு!" என்றார்கள். வீடு பார்த்துத் தரும் தரகர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "யக்கா, இந்த ஊர்ல இப்ப மனுசனுக்கே வீடு கெடைக்கல. நாயை எங்கயாவது விட்டுட்டு வாங்க, நாளைக்கே சாவி வாங்கித் தர்றேன்."

"அத விடறதா இருந்தா ஊருலயே விட்டுருப்பனே தம்பி" என்றாள் அம்மா.

கடைசியில் ஒரு தப்பு செய்தோம். விளார் சாலைப் பக்கம் ஒரு வீட்டில், நாய் இருக்கிறது என்று சொல்லாமலே குடிபோனோம். "கேட்டா இல்லன்னு சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா. வீட்டுக்காரர் கேட்டது என்னிடம். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. அதுவும் பொய்தானே அப்பா?

சுக்கானைச் சாக்கு விரித்துக் குளியலறையில் மறைத்து வைத்தோம். ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு அவன் குரைத்தான். உங்கள் படகு கரை சேர்கிற நேரம். தஞ்சாவூரில் அலைச் சத்தம் கேட்காது, மீன் ஏலம் கூறுகிற சத்தமும் கேட்காது. அவனுக்கு மட்டும் மணி எப்படித் தெரிகிறது?

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றே போ என்று சொல்லாமல் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அவர் மனைவி போகும்போதும் வரும்போதும் சுக்கானுக்கு மீந்த சோறு வைத்தார்கள். ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள் வீடு கிடைக்காவிட்டால், சித்தப்பாவுக்குப் போன் செய்து அவனைத் திருப்பி அனுப்புவது என்று முடிவானது. அதைச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிப் போனால் அவன் எங்கே போய்ப் படுப்பான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்படி அந்தத் தவணையின் ஐந்தாம் நாள் போய் நின்றதுதான் நாஞ்சிக்கோட்டைச் சாலைக்கு உள்ளே இருக்கிற இந்த வீடு. வீட்டுக்கார அம்மா பெயர் ராஜலட்சுமி. நன்னிலம் பக்கம் நிலபுலன்களோடு இருந்த குடும்பமாம். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மாடியில் தனியாக இருக்கிறார்கள். கீழே பின்பக்கம் ஓர் அறையும் சமையற்கட்டும் வாடகைக்கு.

நம் கரையில், ஒருவரிடம் ஒன்று கேட்கப் போனால் கையில் மீன் இல்லாமல் போக மாட்டோமே. என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது நீங்கள் தலைமையாசிரியருக்கு இறால் கொண்டுபோனீர்கள். அவர் அதை நாள் முழுக்க மேசைக்கு அடியில் வைத்திருந்து ஆபீஸ் அறையே நாறியதாமே! அம்மாவும் மறக்கவில்லை. கடையில் வந்ததிலேயே நல்ல வஞ்சிரம், நடுத்துண்டு. வாழையிலையில் சுற்றி மஞ்சள் பையில் போட்டு, வணக்கம் சொன்ன கையோடு நீட்டிவிட்டாள்.

ராஜலட்சுமி அம்மா அதைப் பழம் என்று நினைத்திருக்க வேண்டும். வாங்கிப் பிரித்தார்கள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஏம்மா, என்ன இது?"

"வஞ்சிரங்க. இன்னைக்கு வந்தது. முள்ளே இருக்காது."

"நாங்க முட்டை கூட வாங்கறதில்லையேம்மா."

அம்மாவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஐயய்யோ, தெரியாம குடுத்துட்டேங்க, மன்னிச்சுக்குங்க" என்று பையைப் பிடுங்கிச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். மீனை எப்படி அப்பா சேலைக்குள் மறைப்பது? வாசல் முழுக்க மணக்கிறது. அவ்வளவுதான், இந்த வீடும் போயிற்று என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் அந்த மண்சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருநாய்க்குத் தண்ணீர் வைக்கிறவர்கள் நாம் சொல்வதைக் கேட்காமலா போவார்கள்? எத்தனையோ இடத்தில் எனக்குப் பதிலாக நீங்கள் பேசியிருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் இல்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எங்ககிட்ட ஒரு நாய் இருக்குங்க."

அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை.

"காலையில அஞ்சு மணிக்குக் குரைப்பான். தினமும் குரைப்பான். அடிச்சாலும் நிறுத்த மாட்டான். ஆனா நாங்க அடிக்க மாட்டோம்."

"அஞ்சு மணிக்கு எதுக்குக் குரைக்கணும்?"

"எங்க அப்பா படகு வர்ற நேரங்க."

"அப்பா இப்ப எங்க?"

அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள்.

ராஜலட்சுமி அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, "நானும் அஞ்சு மணிக்குத்தான் எழுந்திருக்கறேன். அப்ப அலாரம் வெக்க வேண்டாங்கறே?" என்றார்கள்.

நான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்காமல்தான் சொன்னார்கள்.

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நாங்க தினமும் மீன் சாப்புடற ஆளுங்கங்க" என்று அவளும் உள்ளதைச் சொன்னாள்.

"அது உங்க அடுப்பு. கொல்லைப் பக்கத்து ஜன்னலைத் தொறந்து வெச்சுச் சமைங்க. இன்னைக்கு மாதிரி எங்கிட்ட மட்டும் கொண்டு வந்து நீட்டிடாதீங்க." பையைக் காட்டி, "இத அவனுக்கே போடுங்களேன்" என்றார்கள்.

"வஞ்சிரத்தையா? நாய்க்கா?" அம்மாவுக்கு வந்த கோபத்தில், வாடகைக்கு வந்திருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. அப்போதுதான் அவர்கள் சிரித்தார்கள். வாடகையும் எங்களுக்கு முடிகிற வாடகைதான் அப்பா.

திரும்பி நடக்கும்போது அம்மா, தான் கிள்ளிய இடத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். வஞ்சிரத்தைக் குழம்பு வைத்து, அதில் ஒரு துண்டை முள் பார்த்து எடுத்துச் சுக்கானுக்குப் போட்டதும் அவள்தான்.

நேற்று அவனோடு இங்கே வந்துவிட்டோம். பின்சுவருக்கு அப்பால் இன்னும் கல் நடாத வயல் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதில் நடவு முடிந்து தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் சுக்கான் வாலை ஆட்டினான். அவன் என்ன நினைத்தான் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு நிறைய நன்றி சொல்ல வேண்டும் அப்பா. அவனை வண்டியில் தூக்கி ஏற்றிய அம்மாவுக்கு. முகத்தைத் திருப்பிய பிறகும் கதவைச் சாத்தாத ராஜலட்சுமி அம்மாவுக்கு. படகு போன பிறகும் ஐந்து மணியை விடாத சுக்கானுக்கு. இவனை மணலிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்த உங்களுக்கு.

இன்று காலையும் குரைத்தான். நான் பயந்து எழுந்து உட்கார்ந்தேன். மாடியில் விளக்கு எரிந்தது. "எழுந்துட்டேன்டா, போதும்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அம்மா போர்வைக்குள் சிரிப்பதும் கேட்டது.

அவனை எந்த வீட்டிலும் இனி ஒளித்து வைக்க மாட்டேன் அப்பா. யார் கேட்டாலும் இருக்கிறான் என்று வாய் திறந்து சொல்வேன்.

கதவைத் திறந்துகொண்டு கேட்டுக்குப் போனேன். மண்சட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தேன்.

நீங்கள் பாப்பா என்று கூப்பிட்ட மகள்,
அபிராமி