குண்டெலிக்கு ஒரு சகன்

அறந்தாங்கி
ஏப்ரல் 14

அன்புள்ள மாஹிரா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் எலிகள் சுகமா? அவற்றுக்கு அடுத்தபடியாக, நீயும் சுகமா?

ரிசல்ட் வரும்வரை என் போனை அத்தா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆகவே இந்தத் தபால். எலிமென்டரி ஸ்கூலில் இருந்தே நீ படிப்பாளி. எலியோடு எலியாக ஆராய்ச்சி செய்யும் எலிஜிபிலிட்டி உனக்குத்தான் உண்டு.

உங்கள் லேபில் ஒரு குண்டெலி, வைக்க வைக்கத் தின்றுவிட்டு உருண்டு கிடக்கும் என்றாயே, அதை நேற்று உமர் பாரூக் அண்ணன் கல்யாணத்தில் பயன்படுத்திக்கொண்டேன். பிரியாணிச் சகன். ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர்: நான், என் கூட்டாளி அசாருதீன், இன்னும் இரண்டு பேர். அசாருவின் உடம்புதான் உனக்குத் தெரியுமே. "எந்திரிங்கடா, இது எங்கக்கா லேப்லேர்ந்து தப்பிச்சு வந்த குண்டெலி. நமக்கு எலும்புகூட மிஞ்சாது" என்றேன். மூவரும் அடுத்த சகனுக்கு ஓடிவிட்டோம். நாலு பேர் சோற்றுக்கு முன்னால் அவன் ஒருத்தன்! பந்தியே சிரித்தது. அவனும் சிரித்தான். அப்புறம் கை கழுவப் போகிறவன் போல எழுந்து போய்விட்டான்.

இந்த வருடச் சிரிப்பு மன்னன்,
அஜ்மல்


சென்னை
ஏப்ரல் 19

அஜ்மலுக்கு,

வ அலைக்கும் ஸலாம். போனில் கேட்டால் அம்மா காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று அசாரு பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று அம்மா சொன்னார்கள். சாப்பிடப் போனவன் ஏன் சாப்பிடவில்லை என்று யாருக்கும் புரியவில்லையாம். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அவனுக்கு ஒரு வருடமாகச் சர்க்கரை. கூட்டாளிகளுக்குத் தெரியக்கூடாது என்று அவன் கெஞ்சியதால், அவன் அம்மா என்னிடம் மட்டும் சொல்லி யோசனை கேட்டார்கள். சாப்பிட உட்காரும் முன் இன்சுலின் போட்டுக்கொள்வான். போட்டபின் சாப்பிடாமல் எழுந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து.

அந்த எலி ஆசைக்குத் தின்பதில்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அதற்குச் சுரக்காது, எந்நேரமும் பசி. அதே கோளாறுள்ள இரண்டு இன எலிகளுக்கு ஒரே தீனிதான் வைக்கிறோம். ஓர் இனத்துக்கு உடம்பு பெருத்தாலும் ஏறிய சர்க்கரை தானாக இறங்கிவிடும். மற்றதற்குச் சர்க்கரை ஏறி ஏறிக் கணையமே ஓய்ந்துபோகும். எந்த இனத்தில் பிறந்தது என்பது எலியின் குற்றமா? நீயும் அசாருவும் ஒரே கடைப் பரோட்டாவைத் தின்று வளர்ந்தவர்கள்தானே.

உருண்டு கிடக்கும் என்று உன்னைச் சிரிக்க வைத்தது நான்தான். எனக்கும் வெட்கமாக இருக்கிறது. போய் அவனைப் பார்.

மாஹிரா


அறந்தாங்கி
ஏப்ரல் 27

அக்கா,

அவன் தெருமுனைவரை போய்ப் போய்த் திரும்பினேன். நேற்றுதான் கதவைத் தட்டினேன். அசாருவின் அம்மா, மாமிதான் திறந்தார்கள்.

"வா அஜ்மலு. நீயாச்சும் வந்தியே. கூட்டாளின்னு ஒருத்தனும் எட்டிப் பாக்கல." அசாரு பக்கத்தில் உட்காரவைத்து இடியாப்பம் வைத்தார்கள். "இனி மறைச்சு என்ன, இவனுக்குச் சக்கர. ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடாம எந்திரிச்சிருக்கான். கேட்டா, பசிக்கலங்கிறான். நீ பக்கத்துலதானே இருந்த, என்ன நடந்துச்சுன்னு நீயாவது சொல்லேன்."

"மாமி, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தண்ணி கொண்டாங்கம்மா, அவனுக்கு விக்குது" என்றான் அசாரு.

மாமி உள்ளே போனதும் குனிந்தான். "வாயத் தொறந்த, தொலைச்சுருவேன். தெரிஞ்சா எங்கம்மா இனி என்னய ஒரு விசேஷத்துக்கும் தனியா விடாது."

"மன்னிச்சிருடா."

"நீ சொல்லிட்டு லேசாப் போயிருவ. நான்ல வீட்டுல கெடக்கணும்? சாப்பிடு."

மாமி தண்ணீரோடு வந்து என் தலையைத் தடவினார்கள். "இனிமே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இவன் பக்கத்துலயே ஒக்காரு அஜ்மலு. நீ இருந்தா எனக்குப் பயமில்ல."

"சரி மாமி" என்றேன். அசாரு என் பக்கம் திரும்பவே இல்லை.

அஜ்மல்