அப்பாவின் பேனாவுக்கு நீங்கள் சொன்ன தரம்

ஏங்க, இன்று காலையிலிருந்து வீட்டில் உங்கள் வாசம். சோப்பு வாசமும் இல்லை, மூக்குப்பொடி வாசமும் இல்லை. பழைய கறுப்பு ரப்பர் பேனாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் தீக்குச்சியைக் கிழித்து அணைத்தது போல் ஒரு நெடி வருமே, அது. கல்யாணமான புதிதில் அதற்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனதும், "பழகிக்க, இதான் நமக்குச் சோறு போடற வாசம்" என்று நீங்கள் சிரித்ததும் ஞாபகம் வந்தது. இன்றைக்கு நானே கிண்ணத்தின் மேல் குனிந்து மறுபடியும் மறுபடியும் மோந்து பார்த்தேன்.

போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரு இளைஞன் பைக்கில் வந்திருந்தான். அவன் தாத்தா வைத்திருந்த பேனாவாம். செல்போனில் படம் போட்டால் எங்கெங்கோ இருப்பவர்கள் வாங்குகிறார்களாம். "என்ன கிரேடுன்னு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி, போட்டுர்றேன்" என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். பேனாக்காரர் போய்விட்டாலும் இது இன்னும் பேனாக்காரர் வீடுதான். "ஒரு தடவை மை ரொப்பி, அது தீர்ற வரைக்கும் எழுதிப் பாக்காம தரம் சொல்றதில்லப்பா. ஞாயித்துக்கிழமை வா" என்றேன். கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல் பார்த்துவிட்டுப் போனான். நீங்கள் முதல் முறை அப்படிச் சொன்னபோது நானும் உங்களை அப்படித்தான் பார்த்தேன்.

கழுவித் துடைத்து மை ரொப்பியாகிவிட்டது. ஆனால் எதை எழுதுவது? உங்களைப் போல் பஸ் நிற்கும் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மை தீரும்போது கடிதமும் முடிந்துவிடும்.

கிருஷ்ணகிரியில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் வர ஆரம்பித்தது அறுபதுகளின் கடைசியில். வெளிநாட்டுப் பேனா புதிதாகக் கடையில் கிடைக்காத காலம் அது. பெங்களூர் கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பேனாக்களைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியெடுத்து, ஓசூர் வீட்டில் கழுவி, பழுது பார்த்து, தரம் பிரித்து, ஒரு மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவீர்கள். முதல் தரத்துக்குச் சிவப்புத் துணி, இரண்டாம் தரத்துக்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சாக்குத் துணி. டீச்சர்கள் அறையில் பெட்டி திறந்ததும் எல்லாக் கையும் சிவப்புத் துணிக்குத்தான் நீளும்.

நீங்களோ விலை சொல்வதற்கு முன்னால் குறையைச் சொல்வீர்கள். "மூடியில மயிரிழை மாதிரி விரிசல் இருக்குதுங்க டீச்சர்." "நிப்பு நல்லது, ஆனா கிளிப்பு வேற பேனாவோடதுங்க." சிவப்புத் துணியில் இருப்பதற்கும் ஏதாவது ஒரு குறையைத் தேடி வைத்திருப்பீர்கள். வாங்குவதற்கென்றே கையில் எடுத்த பேனாவைக் கணக்கு டீச்சர் கீழே வைத்துவிட்டுப் போனபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இப்படி வித்தா நீங்க எப்பங்க கடை வெக்கறது?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் போயி கண்டுபிடிச்சா என்னைத் திட்டுவாங்க. இங்கியே தெரிஞ்சுட்டா பேனாவைத்தான திட்டுவாங்க?" என்றீர்கள்.

அன்றைக்கு நான் மஞ்சள் துணியிலிருந்து ஒன்றை எடுத்தேன். கையில் காசு அவ்வளவுதான் இருந்தது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளாதது போல், "நல்லதா எடுத்தீங்க. மொதத் தரம் வாங்கறவங்க பீரோவுல வெச்சுப் பூட்டிருவாங்க. தெனம் எழுதறவங்களுக்கு ரெண்டாந்தரம்தான் சரி" என்றீர்கள். பணம் கைமாறியதும் உங்கள் ஊர்ப் பழக்கத்தில் "ஆய்த்து!" என்று கன்னடத்தில் முடித்தீர்கள். அந்தப் பேனாவுக்கு அதன் பிறகு வந்த கோளாறுகளில் பாதி நான் வேண்டுமென்றே வரவழைத்தவை. நிப்பைத் துடைத்துக் கொடுக்க நீங்கள் எடுத்துக்கொண்ட நேரமும் கொஞ்சம் அதிகம்தான்.

இரண்டு வீடும் வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள்தான், அதில் தடை இல்லை. தடை என் அப்பா. சர்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் ஃபாக்டரி உத்தியோகமும் குவார்ட்டர்ஸும் உள்ள ஒரு மாப்பிள்ளையை எனக்குப் பார்த்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்களுக்கு வாக்குக் கொடுப்பதாக இருந்தார். நான் அழுது அடம் பிடித்ததில், "சரி, சனிக்கிழமை அந்தப் பேனாக்காரனை வரச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றன்" என்றார். பள்ளிக்கூடக் கேட்டருகே உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன். "எங்கப்பாகிட்டயும் உங்க குறைப் பாட்டை ஆரம்பிச்சுராதீங்க."

நீங்கள் சலவைச் சட்டையில் வந்தீர்கள். பெட்டியை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்களோ, அதில்லாமல் உங்களுக்கு நடக்கவே வராது போலிருக்கிறது. அப்பா தம் ஜோபியிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். அவருடைய வெள்ளைக்கார அதிகாரி கையால் கொடுத்த பேனா என்று ஊருக்கே தெரியும். அதைக் குத்திக்கொள்ளாமல் அவர் கோயிலுக்கும் போனதில்லை.

"துரை குடுத்தது. தரம் சொல்லு பாக்கலாம்" என்றார்.

நானும் அம்மாவும் அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தோம். நீங்கள் லென்ஸை எடுத்து, நிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். உங்கள் இடது புருவம் ஏறியது. குறை கண்ணில் பட்டால் அது ஏறும், எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தீர்கள். "மொதத் தரங்க ஐயா" என்றீர்கள்.

"சரி, போயிட்டு வா. சொல்லி அனுப்பறன்" என்று அப்பா பேனாவைத் திரும்பக் குத்திக்கொண்டார். காரியம் பழுத்துவிட்டது என்று நான் பாலை அடுப்பில் வைத்தேன். அப்பா அடுப்படிக்கு வந்தார்.

"பொய்யன்" என்றார். "அது கீழ விழுந்து நிப்பு ஒடைஞ்சு, பெங்களூர்ல நாந்தான் மாத்தினன். மூடியும் அதோடது இல்ல. அவனுக்குத் தெரிஞ்சு போச்சு, மூஞ்சியிலயே தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாயில வரல. ஒரு பேனாவுக்கே மறைக்கறவன் உங்கிட்ட எதைத்தான் மறைக்க மாட்டான்? நாளைக்கு நான் பெங்களூர்க்காரங்களுக்கு வாக்குக் குடுத்தர்றன்."

"நிப்பு மாத்தினீங்களா? எப்ப?" என்று அம்மா வாயைப் பிளந்தாள். நான் வெங்காயம் நறுக்காமலே அழுதேன். எந்தக் குணத்துக்காக உங்களை எனக்குப் பிடித்ததோ அதையே மூட்டை கட்டச் சொன்னவள் நான். நீங்கள் எனக்காக அதைச் செய்தது சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

வெயில் தாழ்வதற்குள் கதவு தட்டும் சத்தம். பெட்டியும் கையுமாக, சட்டை முழுக்க வியர்வையாக நீங்கள். ஓசூர் பஸ் வந்திருக்கிறது, படியில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கியிருக்கிறீர்கள். கண்டக்டர் திட்டியதைப் பின்னால் நீங்களே கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி நடித்துக் காட்டினீர்களே. உங்களைப் பற்றி அப்பா எங்களிடம் பேசியது எதுவும் உங்களுக்குத் தெரியாது.

"ஐயா, தரம் தப்பாச் சொல்லிட்டனுங்க. எழுதிப் பாக்காம சொல்லக்கூடாது. இன்னொரு தடவை அந்தப் பேனாவைக் குடுங்க."

அப்பா ஜோபியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீங்கள் மை ரொப்பி, பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தீர்கள். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை. அப்புறம் சிங்காரப்பேட்டையிலிருந்து திரும்பி ஓசூர். எதிரே அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தபோதும் நீங்கள் தலை நிமிரவில்லை. ஆடை படிந்து ஆறிப்போன காப்பியைக் கடைசியில் அம்மாதான் குடித்தாள். ஊத்தங்கரை வரும்போதெல்லாம் நிப்பு மை கக்கியது. ஒருவழியாக மை தீர்ந்தது.

"மூணாந்தரங்க" என்றீர்கள். "நிப்பு மாத்தினது. மூடி வேற. துரை குடுத்தது நடுவுல இருக்கற ஒடம்பு மட்டுந்தான். உங்களுக்குச் சங்கடமா இருக்கும், பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனா தப்பான தரத்தை உங்க ஜோபியில விட்டுட்டு என்னால பஸ் ஏற முடியலிங்க."

அப்பா பேனாவை வாங்கி மூடியைத் திருகினார்.

"பேனா கெடக்கட்டும். உன்னோட தரம் என்னா?" என்றார்.

"ரெண்டாந்தரங்க." யோசிக்கவே இல்லை நீங்கள். "மாசச் சம்பளம்னு கெடையாது. எடது காது கொஞ்சம் மந்தம். கொறட்டை விடுவன்னு தம்பி சொல்றான். கோவம் லேசுல வராது, வந்தா ஒரு வாரம் பேச மாட்டன்."

"நல்லது ஒண்ணுமே இல்லியா?"

"அது வாங்கறவங்க பாத்துக்கணுங்க."

முதலில் சிரித்தது அம்மா. அவளைப் பார்த்து அப்பாவும் சிரித்துவிட்டார். அந்தப் பேனாவை உங்கள் சட்டைப் பையில் அவரே குத்திவிட்டு, "ஆய்த்து போ" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அதை நீங்கள் சாக்குத் துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்து அவர் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தது தனிக் கதை.

நன்றாகத்தான் இருந்தோம். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு கடை. கொதிக்கும் தண்ணீரில் நான் பேனாவைப் போட்டுக் கறுப்பு ரப்பர் பழுப்பாகிவிட்டது, அதுதான் நம் முதல் சண்டை. ஒரு வாரம் பேச மாட்டேன் என்றவர், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் மறுநாளே என்னிடம் வந்து நின்றீர்கள். சுற்றிலும் கம்பெனிகள் வந்தன, பால் பாயிண்ட் வந்தது, எத்தனையோ ஊர்க்காரர்கள் வந்தார்கள். அவர்களிலும் பழைய பேனா தேடி வருகிறவர்கள் இருந்தார்கள். குறையைக் கேட்டுவிட்டுப் போனவர்களில் பலர் மறுபடி வந்து வாங்கினார்கள். அதை நீங்கள் எனக்குச் சொல்லிக்காட்டாத நாளே இல்லை.

"எனக்கு என்ன தரம்?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். தலைக்குக் குளித்துப் பூ வைத்த நாளிலும் கேட்டேன், பல் விழுந்த பிறகும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும், "மை தீரட்டும், சொல்றன்" என்றீர்கள். போன தவக்காலத்தில் நீங்கள் படுத்துவிட்டபோது நான் கேட்கவில்லை. நீங்களாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எழுதுது" என்றீர்கள். அதைக் கேட்டு எனக்கு அழுகையை விடச் சிரிப்புத்தான் வந்தது.

எழுத்து வெளிற ஆரம்பித்துவிட்டது. இந்தப் பேனாவுக்கு மை இழுக்கும் லீவர் கொஞ்சம் தளர்ச்சி, மற்றபடி பழுதில்லை. அந்தப் பையனிடம் முதலில் லீவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தரத்தைச் சொல்வேன். விற்பதும் வைத்துக்கொள்வதும் அவன் பாடு.

இனி உங்களுக்கு நான் தரம் சொல்லும் முறை. நான் சொன்னதில் பாதியை அந்த இடது காதிலேயே வாங்கிக்கொண்டீர்கள். குறட்டையைப் பற்றி உங்கள் தம்பி சொன்னது ரொம்பக் குறைவு. ஊரார் பேனாவுக்கெல்லாம் தரம் சொல்லிவிட்டு என்னுடையதைச் சொல்லாமல் போனீர்கள். குறை இவ்வளவுதான்.

அன்றைக்கு அப்பாவிடம் உங்களுக்கு நீங்களே சொன்ன தரம் சரிதான். உங்கள் லென்ஸை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பீரோவில் இல்லை, தலைமாட்டில். தினமும் எடுக்கிறேன்.