நேராக்கிய பம்பர்

1936 மார்ச் 8, ஞாயிறு
தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது கார் வீட்டு கேற் தூணில் மோதிவிட்டது. மோதிவிட்டது என்ன, நான்தான் மோதினேன். கலஹாவில் தன் தங்கை வீட்டுக்குப் போன டிரைவர் இராமையா விடியவே வருவதாகச் சொன்னவன், வரவில்லை. என் கணவர் இருந்த காலத்தில் எனக்கு லைசன்ஸ் எடுத்துத் தந்தது அலுமாரியில் பூட்டி வைக்கவா? போகும்போது ஒரு குறையுமில்லை. இப்போது முன் பம்பர் மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி போல மடங்கிக் கிடக்கிறது.

மார்ச் 9
மகன் பிலேந்திரனின் கடிதம். 21ஆம் தேதி கொழும்பிலிருந்து வருகிறானாம். போன வருடம் மட்காட் உரசியபோதே சொல்லிவிட்டான்: இன்னொரு முறை என்றால் காரை விற்பான், என்னைத் தன் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோவான். கார் இல்லாமல் இந்த அம்பிட்டிய மேட்டில் நான் எப்படி இருப்பது? பின்னறையில் மருமகளின் கிராமபோன் வேறு.

பட்டணத்துக் கராஜுக்கு அனுப்பினால் மாலைக்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். வீட்டிலேயே செய்வோம்.

மார்ச் 12
சைக்கிள் திருத்தும் ஹாஷிம் துருத்தியோடு வந்தார். பம்பரைக் கழற்றவே அரை நாள். என் குரோட்டன் செடிக்குப் பக்கத்தில்தானா நெருப்பு மூட்ட வேண்டும்?

தையல் பெட்டியிலிருந்து அளவுநாடாவும் நூலும் எடுத்துவந்து இழுத்துப் பிடித்தேன். மயிரிழை கோணல் இருக்கக்கூடாது என்றேன்.

"நோனா, இது மொதல்லயே கொஞ்சம் வளஞ்சிதான் ஈந்திருக்கும்."

"கோணல் வேலைக்கு எல்லாரும் சொல்லுற சாட்டு இது."

கன்னியாஸ்திரிகளிடம் எட்டு வருடம் தையல் படித்தவள் நான். கோடு கோணினால் பிரித்துத் தைக்க வேண்டும்.

மார்ச் 13
இன்னும் அடிக்கிறார். அளக்க விடாமல் "சூடு ஆறட்டும், சூடு ஆறட்டும்" என்கிறார். ஒரு வாளி தண்ணீரை நானே ஊற்றினேன். ஹாஷிம் தலையில் கை வைத்துக்கொண்டார். நாடகம்.

ஆனால் நூல் பிடித்ததுபோல நேர்.

மார்ச் 14
பொருந்தவில்லை. ஒரு பக்கம் ஆணி பூட்டினால் மறு பக்கத் துளை அரை அங்குலம் தள்ளி நிற்கிறது. இராமையா கூடத்துப் படத்தைக் கழற்றி வந்து காட்டினான். கார் வாங்கிய அன்று அவர் அதன் அருகே நிற்கிற படம். பம்பர் வில்லாக வளைந்திருக்கிறது! ஏழு வருடமாக அந்தப் படத்தைத் துடைக்கிறேன். அவருடைய டையைத் தவிர வேறு எதைப் பார்த்தேன்?

மார்ச் 17
திரும்ப வளைத்தபோது படார் என்று இரண்டாக முறிந்தது.

"தண்ணி ஊத்தின எடம், நோனா. இரும்பு கோவிச்சிக்கிச்சி."

நானும்தான்.

மார்ச் 20
இராமையா வந்து நின்றான். "நான்தான் இடிச்சேன்னு சொல்லிடுறேம்மா. ஐயா நாலு ஏச்சு ஏசுவாரு. அவ்வளவுதானே."

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம், பொய்க்கு உடன்படக் கூடாத நாட்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "தேத்தண்ணி குடி" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 21, சனி
நாலு ஏச்சோடு நிற்கவில்லை. "இவனை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ" என்றான் பிலேந்திரன். இராமையா சாவியை எடுத்து மேசையில் வைத்தான். பதினொரு வருடம் வேலை செய்த மனிதன், தன் கையால்.

"சாவியை எடு, இராமையா. தம்பி, இடிச்சது நான். முறிச்சதும் நான்."

"அம்மா, உங்கட வயசில..."

"என்ர வயசு எனக்குத் தெரியும்."

சாப்பாடு முடிந்தது. பிறகு தீர்ப்பு: காரை விற்பது நிச்சயம். ஆனால் பம்பர் இல்லாத காரை எவன் வாங்குவான்? சீமையிலிருந்து புதிதாக எடுப்பிப்பானாம். பூட்டிய மறுநாளே விற்பனை. அதுவரை இராமையாதான் ஓட்ட வேண்டும். நான் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. சரி என்றேன்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்
மகையாவைக் கல்லறையில் அவருக்குப் பூ வைத்தேன். கார் பல் விழுந்த கிழவி போல நிற்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

ஓகஸ்ட் 3
ரயிலில் சீமை முத்திரையோடு ஒரு நீளப் பெட்டி வந்தது. இராமையா ஸ்பானரை எடுத்துவரப் போனான். பெட்டியைத் திறக்காமல் அலுமாரிக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். "சரிங்கம்மா" என்றான், சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை.

நவம்பர் 16
பம்பர் வந்து சேர்ந்ததா என்று பிலேந்திரன் மூன்றாம் முறையாகக் கேட்டு எழுதியிருக்கிறான். மழையைப் பற்றி நான்கு பக்கம் பதில் எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. தபாலில் போட இராமையாவோடு காரில் போய்வந்தேன்.