தண்ணி ஓடணும்னு சொன்னியே, அம்மா

என் உயிரான அம்மாவுக்கு,

ஈப்போ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுறேன். உன் பேத்தியை இப்பதான் ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனாங்க. குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிஞ்சு கிடக்காம். நாலு மாசக் குழந்தை, அம்மா. மடியில தாளை வச்சு எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா திட்டாதே.

உன் மருமகனைத்தான் உனக்குத் தெரியுமே. நீ கண்ணை மூடின பிறகும் மாறல. கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினாரே தவிர, தன் சபையை விடல. விசுவாசிச்ச பிறகுதான் ஞானஸ்நானம், பச்சைக் குழந்தைக்குக் கிடையாது என்பது அவர் கட்சி. ஞானஸ்நானம் இல்லாம போயிடக் கூடாதேன்னு, இன்னைக்குக் காலையில பாப்பாவுக்குக் கொடுத்துடலாம்னு கெஞ்சினேன்.

"வேதத்துல எங்க இருக்கு, காட்டு லா," என்றார், வழக்கம்போல 'லா' போட்டு.

"அந்தச் சிறைக்காவலன் வீட்டோட ஞானஸ்நானம் வாங்கினான்னு வேதத்துல இருக்குல்ல? வீடுன்னா குழந்தை இருக்காதா?"

"குழந்தைன்னு எழுதலையே."

"இல்லேன்னும் எழுதலையே. ஆதியிலேருந்து திருச்சபை கொடுத்துட்டு வருது. எனக்கு அது போதும்."

"மனுஷன் பழக்கமே போதும்னா அப்புறம் வேதம் எதுக்கு?"

வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பிள்ளை வலியில் முனகுது, நாங்க சண்டை போடுறோம். வெட்கக்கேடு. அவர் பாஸ்டருக்குப் போன் பண்ணப் போயிட்டார்.

நம்ம ஊரு ஆயர் தாவார் தோட்டத்தில் இப்ப ரப்பரை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை வச்சுட்டாங்க. அப்பல்லாம் பூசை வைக்கச் சாமியார் மாசத்துக்கு ஒருதரம்தான் வருவார். அதுவரைக்கும் தாங்காத பிள்ளைங்களுக்குத் தொழிலாளர் லயத்து வீட்டுல நீதானே தண்ணி ஊத்துவே? ஆபத்துன்னா யாரும் கொடுக்கலாம்னு சாமியாரே சொல்லி வச்சிருந்தாரே. அதை நினைச்சுக்கிட்டு, கைக்குட்டையை நனைச்சு பாப்பா நெத்தியில ஒத்தி, நீ சொல்ற வார்த்தைகளைச் சொன்னேன். நர்ஸ் பார்த்துடுவாளோன்னு பயம் வேற. முடிச்ச பிறகுதான் உன் குரல் ஞாபகம் வந்துச்சு: "தண்ணி ஓடணும்டி. நனைச்சா மட்டும் போதாது." செல்லுமா, செல்லாதா? உன்னைத் தவிர யாரைப் போய்க் கேட்பேன்?

திரும்பி வந்தவர் ஈர நெத்தியைப் பார்த்துட்டார்.

"கொடுத்துட்டியா?"

"துணியாலதான் ஒத்தினேன். தண்ணி ஓடல. செல்லாதுன்னு பயமா இருக்கு."

கத்தப் போறார்னு நினைச்சேன். பிளாஸ்க் மூடியில தண்ணி ஊத்தி என்கிட்ட நீட்டினார்.

"நான் இதை ஒத்துக்கல. வேதத்துல இல்லாதது இல்லாததுதான்," என்றார். மூடியைக் கீழே இறக்கல. "ஆனா ஒருவேளை நீ சொல்றது சரியா இருந்துட்டா? ஊத்து."

பாப்பா தலையை அவரே ஏந்திப் பிடிச்சார். ஊத்தினேன். தண்ணி நெத்தியில ஓடி, அவர் கை வழியா இறங்கி, சட்டையெல்லாம் நனைச்சுது.

இப்ப எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பைபிளைப் புரட்டிக்கிட்டே இருக்கார். எதைத் தேடுறார்னு கேட்கவும் பயமா இருக்கு. சட்டை இன்னும் காயல. ஆப்பரேஷன் அறைக் கதவும் திறக்கல.

பாப்பா பிழைச்சு வந்தா, பெரியவளானதும் அவரு சொன்னதையும் நான் சொன்னதையும் ஒண்ணு விடாம அவகிட்ட சொல்லுவேன், சத்தியம். அவளே முடிவு பண்ணட்டும். ஒருவேளை உன்கிட்ட வந்துட்டா, நெத்தியைத் தொட்டுப் பாரு, அம்மா. தண்ணி ஓடியிருக்கு. அழுதா தூக்கிக்கோ.

உன் கடைக்குட்டி,
ஸ்டெல்லா