இசக்கிச்செல்வியின் கடைவாய்ப் பல்

ஜூன் 18, 2025. புதன்

இசக்கிச்செல்வி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. ஆறு வயது. அப்பன் அடித்ததில் அம்மா ஆஸ்பத்திரியில், அப்பன் ஜெயிலில். அம்மாவுக்கு உடம்பு தேறும்வரை குழந்தைகள் நலக்குழுவினர் தற்காலிகமாக எங்களிடம் விட்டிருக்கிறார்கள்.

முறுக்கைக் கொடுத்தால் கையிலேயே வைத்திருக்கிறாள். சோற்றை மெல்லாமல் விழுங்குகிறாள். பாத்திரக் கடையை அடைத்துவிட்டு வந்த இவரிடம் சொன்னேன். "புது எடம்லா, கூச்சமா இருக்கும்" என்றார்.

கூச்சம்தானா?

ஜூன் 20

வலது கன்னம் வீங்கிவிட்டது. தொட்டால் அனலாகச் சுடுகிறது.

"ஏளா, வலிக்கா?"

இல்லையென்று தலையாட்டுகிறாள். கண்ணீர் மட்டும் ஓடுகிறது, சத்தமே இல்லை. இப்படி அழுகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஜூன் 21. சனி

தூத்துக்குடியில் பல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லெல்லாம் கறுத்துக் குழிந்திருக்கிறது. இரண்டில் சீழ். முதலில் வீக்கம் வடிய மருந்து. பிறகு அந்த இரண்டையும் எடுத்தாக வேண்டும். மற்றதை அடைக்கலாம்.

"பால் பல்லுதான, விழுந்துரும்னு விட்டிருப்பாங்க. அடியில இருக்க பல்லுக்கும் அது கேடும்மா" என்றார்.

எங்கள் ஊர் ஏரலுக்குப் பஸ்ஸில் வந்து சேரும்வரை கோபம் அடங்கவில்லை. என்ன பொம்பள அவ? புருசன் அடிச்சான், சரி. பிள்ள வாயத் தொறந்து பாக்கக்கூடவா நேரமில்ல? அவகிட்டத்தான் இந்தப் பிள்ள திரும்பிப் போகணுமா?

ஜூன் 22

கஞ்சி மட்டும் குடித்தாள்.

ஜூன் 25. புதன்

பல் எடுக்க அம்மாவின் சம்மதமும் வேண்டுமாம். குழந்தைகள் நலக்குழு அலுவலகத்தில் அவளைப் பார்த்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டுதான் போனேன்.

சண்முகப்ரியா. இருபத்தாறு வயதிருக்கும். இடது கையில் மாவுக்கட்டு. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி அவளே பேசினாள்.

"அவரு குடிச்சிட்டு வந்தா நாங்க அடுப்படி மூலைல ஒளிஞ்சிக்கிடுவோம்க்கா. இவ அழுதா சத்தத்த வச்சி வந்துருவாரு. அதான் வாயில ஒரு துண்டு கருப்பட்டிய வச்சிருவேன். சப்பிக்கிட்டே தூங்கிருவா."

"தெனமுமா?"

"அவரு தெனமும் குடிப்பாருல்லா."

கையெழுத்தான தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

எழுந்தபோது என் சேலையைப் பிடித்தாள். "ஊசி போடயில கையப் புடிச்சிக்கிடுங்கக்கா. கண்ண மூடச் சொல்லிராதீங்க. பயந்துருவா."

ஜூன் 26

நானாக இருந்தால் வேறென்ன செய்திருப்பேன்? — தெரியவில்லை.

ஜூலை 1. செவ்வாய்

எடுத்தாயிற்று.

ஊசி இறங்கியதும் என் விரல்களை நெரித்தாள். கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தாள். அப்போதும் மூச்சுச் சத்தம்தான்.

டாக்டரம்மா கையை நிறுத்திவிட்டார். "வலிச்சா கத்தலாம் பாப்பா. இங்க யாரும் ஒன்ன ஏச மாட்டாங்க."

நம்பாமல் என்னிடம் திரும்பினாள்.

"கத்துளா" என்றேன்.

கத்தினாள். வெளியே உட்கார்ந்திருந்த இவர் பதறிப்போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். எதற்கென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 19

மிச்சப் பற்களையும் அடைத்தாயிற்று. இன்று ஒரு கொய்யாக்காயை முழுதாகக் கடித்துத் தின்றாள்.

ஆகஸ்ட் 30. சனி

அம்மாவிடம் போய்விட்டாள். சண்முகப்ரியாவுக்குத் துணிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. பத்திரமான இடத்தில் ஒரு வீடும். போகத்தான் வேண்டும். நானும் அதைத்தான் விரும்பினேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 14. ஞாயிறு

காலையில் சண்முகப்ரியா போன் செய்தாள். பின்னால் ஒரே கூப்பாடு.

"பல்லு வெளக்கச் சொன்னா தெருவே கூடும்படியா கத்துதாக்கா. பக்கத்து வீட்டுல வந்து எட்டிப் பாக்காங்க."

"நீ என்ன செய்யுத?"

சிரித்துவிட்டாள். "நானும் சேந்து கத்துதேன்க்கா."